காட்டு ரோஜாக் காய் ஊறல்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

செப்டம்பர் பிறந்ததும் பிரிட்டன், ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகளின் வேலியோரங்களில் ரோஸ்ஹிப் சிவக்கத் தொடங்கிவிடும். ரோஜா இதழ் உதிர்ந்த பிறகு காம்பு நுனியில் மிஞ்சுகிற காய்தான் இது. நார்வேயில் இருப்பவர்களுக்கு நீபே, ஸ்வீடனில் நீபோன், ஜெர்மனியில் ஹாகெபுட்டே. பறிப்பது சுலபம். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெந்நீர் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று டப்பாவை மேல் அலமாரிக்குத் தள்ளிவிடுவதும் சுலபம். கோளாறு கோப்பையில் தெரிந்தாலும், அது பிறந்த இடம் பெரும்பாலும் இரண்டு படி முன்னால் இருக்கும்: பறித்த நாள், கத்தி வைத்த விதம், வடித்த துணி. அதனால் ஒவ்வொரு அறிகுறியையும் பின்னோக்கித் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமே, அது இதுதான். விதை நீக்கிக் காயவைத்த துண்டுகள் என்றால் 250 மி.லி. தண்ணீருக்குக் குவித்த இரண்டு டீஸ்பூன், ஏறக்குறைய 5 கிராம். தளதளவென்று கொதித்த நீரை ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, 12 முதல் 15 நிமிடம் வையுங்கள். பச்சைக் காய் என்றால் அதே நீருக்கு 25 முதல் 30 கிராம், அதாவது சிறிய காய்களாக ஒரு டஜனுக்கு மேல். முழுசாகப் போடாமல் நசுக்கிப் போட வேண்டும். எதுவானாலும் வடிப்பது இரண்டு தடவை. கீழே "வழக்கமான அளவு" என்று வரும் இடமெல்லாம் இதையே குறிக்கும்.

வகை இரண்டுதான் பெரும்பாலும் கையில் வரும். வேலிகளில் வளைந்த முள்ளோடு ஏறி நிற்கும் கனினா. காய் நீளவாக்கில், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். கடற்கரை மணலிலும் கார் நிறுத்துமிட ஓரங்களிலும் புதராக வளரும் ருகோசா. காய் தக்காளிக் குஞ்சு போலத் தட்டையாக, தடித்த சதையோடு, ஆகஸ்டிலேயே பழுத்துவிடும். ருகோசாவைச் சுத்தம் செய்வது எளிது. கனினாவுக்குப் பொறுமை வேண்டும்.

பறித்தது ரோஸ்ஹிப்தானா என்று சந்தேகம்

இது தீராமல் அடுப்பு பற்றவைக்க வேண்டாம். அதே வேலியில் பிளாக் பிரையனி என்ற கொடி ஏறியிருக்கும். இதய வடிவ இலை, முள்ளே இல்லாத தண்டு, பளபளக்கும் சிவப்புப் பழங்கள் சரம் சரமாகத் தொங்கும். இலை உதிர்ந்த பிறகு பழம் மட்டும் மிஞ்சி, ரோஜாப் புதரின் மேலேயே கிடக்கும். நஞ்சு. பிட்டர்ஸ்வீட் நைட்ஷேட் என்ற இன்னொரு கொடியின் பழமும் முட்டை வடிவில் சிவப்பாக இருக்கும். மணத்தக்காளிக்குச் சொந்தம்தானே என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிடாதீர்கள், அதுவும் நஞ்சுதான்.

சோதனை எளிது. காய் முள்ளுள்ள தண்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகள், ஓரம் வாள்பல் போல. காயின் நுனியில் காய்ந்த புல்லிவட்டமோ அது உதிர்ந்த வடுவோ தெரியும். பிளந்தால் கெட்டியான விதைகளும் வெள்ளைச் சுணையும் இருக்கும். பிளந்ததும் சாறு வழிந்து, சுணையில்லாத விதைகள் தெரிந்தால் அது ரோஸ்ஹிப் இல்லை. கூடையில் அதோடு கிடந்ததையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே எடுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, தானாக வளர்ந்த செடியின் பழத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பறிப்பது திருட்டாகாது. விற்பதற்குப் பறித்தால் கதை வேறு. மருந்தடிக்கும் வயலை ஒட்டிய வேலி, பிரதான சாலை விளிம்பு, அலங்காரத் தோட்டத்து ரோஜா, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள்.

குடித்ததும் தொண்டையில் குத்துகிறது, கரகரக்கிறது

அதிகம் வரும் புகார் இது. ஒரே ஒரு காரணம்தான்: சுணை.

காயைப் பிளந்து பார்த்தால் சதை மெல்லிய ஓடு மட்டுமே. நடுவில் வெளிர் மஞ்சள் விதைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். விதையின் மேலும் ஓட்டின் உள்சுவரிலும் வெள்ளை வெள்ளையாக, விறைப்பான மயிர். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தேய்க்காமல் வாயில் போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூனைக்காலிச் சுணை தோலில் செய்கிற வேலையை இது தொண்டையில் செய்யும். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் அரிப்புப் பொடி என்று அடுத்தவன் சட்டைக்குள் போட்டது இதைத்தான். கொதிக்கவைத்தால் கரையாது. விழுங்கினால் செரிக்காது, மறுநாள் கழிப்பறையிலும் தன் வேலையைக் காட்டும்.

இப்போதைக்கு: குடிப்பதை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்து, ரொட்டியோ வாழைப்பழமோ ஒரு துண்டு மென்று விழுங்குங்கள். வீக்கமோ மூச்சு முட்டலோ இருந்தால் அது சுணை மட்டுமாக இருக்காது, மருத்துவரைப் பாருங்கள்.

பாத்திரத்தில் மிச்சம் இருப்பதைக் கொட்ட வேண்டாம். தேநீர் வடிகட்டியில் வடித்திருப்பீர்கள். அதன் கண்ணில் சுணை சர்வ சாதாரணமாகப் புகுந்து போகும். மஸ்லின் துணியை நான்காக மடித்தோ, காபி ஃபில்டர் தாளிலோ மறுபடி வடியுங்கள். ஊற்றும் முன் ஐந்து நிமிடம் ஆடாமல் வைத்தால் பாதி அடியில் தங்கிவிடும்; கடைசி இரண்டு ஸ்பூன் நீரைப் பாத்திரத்திலேயே விட்டுவிடுங்கள். துணியில் முதலில் இறங்கும் அரைக் கோப்பையைத் திரும்ப மேலேயே ஊற்றுங்கள். துணி நனைந்து, அதன் மேல் சதைப்படலம் படிந்த பிறகுதான் அது உண்மையான வடிதுணியாகிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: துணியைப் பிழியக் கூடாது. புளி கரைக்கிற கை பழக்கத்தில் பிழிந்துவிடும். பிழிந்தால் தங்கின சுணை மொத்தமும் கோப்பைக்குள் வரும்.

அடுத்த தடவைக்கு, சுணையை மூலத்திலேயே எடுப்பதற்கு இரண்டு வழி உண்டு.

கை வழி: காய் சிவந்து, ஆனால் அழுத்தினால் இன்னும் கெட்டியாக இருக்கும்போது நீளவாக்கில் பிளக்க வேண்டும். சிறிய டீஸ்பூனின் நுனியாலோ உருளைக்கிழங்கு சீவியின் முனையாலோ உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுங்கள். பிறகு ஓடுகளை அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அலசி, அள்ளி எடுத்து, தண்ணீரை மாற்றி இன்னொரு தடவை. கையுறை போடுங்கள், விரலிடுக்கில் ஏறிய சுணை கண்ணுக்குப் போகும். அரைக் கிலோ கனினாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைப் பார்த்துப் பாதியில் கைவிடுபவர்களுக்காகத்தான் அடுத்த வழி.

சல்லடை வழி: பாதியாகப் பிளந்து, விதையோடே மொறுமொறுவென்று காயவையுங்கள். மிக்ஸியில் நொடி நொடியாக மூன்று நான்கு தடவை மட்டும் விட்டு எடுத்து, உலோகச் சல்லடையில் கொட்டி, வாசலிலோ பால்கனியிலோ நின்று குலுக்குங்கள். சுணை தூசாகக் கீழே கொட்டும். ஓட்டுத்துண்டும் விதையும் மேலே நிற்கும். முகக்கவசம் கட்டாயம். மிக்ஸியை ஓடவிட்டு நைசாக்கிவிட்டால் காரியம் கெட்டது: சுணையும் பொடிந்து ஓட்டோடு கலந்துவிடும், அதற்குப் பிறகு எந்தத் துணியும் முழுசாகப் பிடிக்காது. அப்படி ஆகிவிட்டால் அந்தப் பொடியைக் காபி ஃபில்டர் தாளில் வடிக்கும் தேநீருக்கு மட்டும் வையுங்கள். கஞ்சியிலோ ஸ்மூதியிலோ தூவ வேண்டாம்.

வெந்நீர் மாதிரி இருக்கிறது, சுவையே இல்லை

முழுக் காயைப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். காய்ந்த ரோஸ்ஹிப்பின் தோல் மெழுகு பூசியது போல. கால் மணி நேரத்தில் வெந்நீர் உள்ளே போகாது. காய்ந்த முழுக்காயை உரலில் ஒரு தட்டுத் தட்டி உடைத்த பிறகு போடுங்கள். துண்டாக இருந்தும் சுவை வரவில்லை என்றால் நேரம் போதவில்லை. கறுப்புத் தேயிலையின் மூன்று நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. 15 நிமிடத்துக்குப் பிறகும் சப்பென்று இருந்தால் அதே நீரோடு அடுப்பில் ஏற்றி, மூடி போட்டு, சின்னத் தீயில் எட்டுப் பத்து நிமிடம் கஷாயம் போல விடுங்கள். சக்கை கனமாகவே இருந்தால் இரண்டாவது தண்ணீருக்கும் தாங்கும்.

அப்படியும் இல்லையா? காய் பழசு. இரண்டு குளிர்காலம் பார்த்த டப்பாவாக இருந்தால் அளவை இரட்டிப்பாக்கித் தீர்த்துவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டு வைத்திருந்த காயில் வைட்டமின் சி என்ன மிஞ்சியிருக்கும் என்பதைச் சுவையை வைத்துச் சொல்ல முடியாது; ஆனால் புளிப்பு போய்விட்ட காயிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கடைத் தேநீர்ப் பை ரத்தச் சிவப்பாக வருகிறது, என்னுடையது வெளிறிய ஆரஞ்சு

உங்கள் கையில் பிழை இல்லை. கடைப் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: ரோஸ்ஹிப்போடு செம்பருத்தி என்று இருக்கும். கோங்குரா இனத்துச் செம்பருத்தியின் சிவப்புப் புறவிதழ் அது. அந்த நிறம் தண்ணீரில் கரையும். ரோஸ்ஹிப்பின் சிவப்பு தக்காளி, கேரட்டின் நிறம் எந்தச் சாதியோ அந்தச் சாதி. எண்ணெயில் இறங்கும், தண்ணீரில் இறங்காது. சுத்தமான ரோஸ்ஹிப் ஊறல் தேன் நிறத்திலிருந்து மங்கிய ஆரஞ்சு வரைதான் வரும். சிவப்பு வேண்டுமென்றால் கோப்பைக்கு இரண்டு மூன்று செம்பருத்தி இதழ்த் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். நிறத்துக்காக அதிகம் கொதிக்கவிட்டால் சிவக்காது, பழுப்பாகத்தான் போகும்.

நாக்கை இழுத்துப் பிடிக்கிறது

லேசான துவர்ப்பு இயல்பு. நாவல் பழம் தின்ற பின் இருக்கும் அளவுக்கு நாக்கு மரத்துப்போனால் மட்டும் கவனிக்க வேண்டும். பச்சையும் ஆரஞ்சும் கலந்த காயைப் பறித்திருப்பீர்கள். ஆழ்ந்த சிவப்பு வந்த பிறகே பறியுங்கள்.

முதல் பனி விழுந்த பிறகுதான் பறிக்க வேண்டும் என்ற பேச்சு உண்டு. பாதி சரி. பனி காயை மென்மையாக்கும், துவர்ப்பைத் தணிக்கும். சிரப்புக்கும் கஷாயத்துக்கும் நல்லது. ஆனால் பனி பட்டுக் குழைந்த காயைப் பிளந்து சுத்தம் செய்ய முடியாது, கையில் கூழாகிவிடும். காயவைக்கப் போவது என்றால் கெட்டியாக இருக்கும்போதே பறியுங்கள். சிரப் என்றால் பறித்ததை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் பனிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உறைந்ததை உருகவிட்டு வைத்திருக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே துவர்த்துவிட்ட ஊறலுக்கு ஆப்பிள் ஜூஸ் கால் பங்கு, அல்லது பட்டைத் துண்டும் ஒரு ஸ்பூன் தேனும். பால் ஊற்றிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும், வேண்டாம். ஊறலின் புளிப்பில் பால் திரியலாம், செம்பருத்தி கலந்திருந்தால் திரியவே திரியும்.

பழுப்பாக வருகிறது, இரும்பு வாசம் அடிக்கிறது

பாத்திரத்தைப் பாருங்கள். இரும்புச் சட்டி, ஈயம் போன செம்பு, பூச்சில்லாத அலுமினியம் மூன்றுமே ஆகாது. காயின் அமிலம் உலோகத்தைத் தின்னும். செம்பும் இரும்பும் வைட்டமின் சி சிதைவதையும் விரைவுபடுத்தும். எவர்சில்வர், எனாமல், கண்ணாடி மட்டுமே.

பாத்திரம் சரியென்றால் கத்தி வைத்த நேரம்தான் காரணம். காயை நறுக்கியதும் அதில் உள்ள நொதி விழித்துக்கொள்ளும். வைட்டமின் சியைக் காற்றோடு சேர்த்துச் சிதைக்கும், வெட்டு வாயும் கருக்கும். நசுக்கிய காயைத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் வைக்கப் போவது முறையல்ல. தண்ணீர் கொதித்து நிற்க வேண்டும், நசுக்கிய கையோடு உள்ளே போட வேண்டும். கொதிநீர் பட்டால் நொதி அடங்கும்.

காய்ந்த துண்டே பழுப்பாக இருந்தால் உலர்த்தியின் சூடு அதிகம். அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

காயவைத்ததில் பூசணம், அல்லது டப்பாவைத் திறந்தால் ஈர வாசம்

நம் ஊர் நெல்லிவற்றலுக்கும் சுண்டைக்காய் வற்றலுக்கும் சித்திரை வெயில் இருக்கிறது. அக்டோபர் மாத ஓஸ்லோவில் ஜன்னலோரத் தட்டை நம்பினால் பூசணம்தான் மிஞ்சும். முழுக் காயாகக் காயவைத்தால் இன்னும் மோசம். வெளித்தோல் கல்லாக இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே சிறைப்பட்டிருக்கும், மூன்று வாரம் கழித்துப் பிளந்தால் விதைக்கூட்டின் நடுவில் சாம்பல் பஞ்சு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. வாங்கிய காயோ பறித்த காயோ, முழுசாகக் காய்ந்தது என்றால் பயன்படுத்தும் முன் ஐந்தாறு காயைப் பிளந்து பாருங்கள்.

பிளந்து காயவையுங்கள், வெட்டுவாய் மேலே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்று படாமல். மின் உலர்த்தி இருந்தால் 40 டிகிரி, அதிகம் போனால் 45. விதையெடுத்த ஓடு 8 முதல் 12 மணி நேரம், விதையோடு பிளந்தது என்றால் ஒரு நாள் வரை. அடுப்பு அவன் என்றால் அதன் மிகக் குறைந்த சூட்டில், கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி வைத்து. ஆவி வெளியே போகாவிட்டால் காயாது, வேகும். பல அவன்கள் 50 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை; விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்துப் பார்ப்பது அதைவிட மேல்.

பதம் பார்ப்பது கையால்: வளைத்தால் தோல்போல் மடிந்தால் இன்னும் ஈரம், இரண்டாக முறிய வேண்டும். டப்பாவில் போட்டுக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். முதல் வாரம் கண்ணாடி டப்பாவில் போட்டுத் தினமும் பாருங்கள். மூடியின் உள்பக்கம் பனித்திருந்தால் உடனே எடுத்து இன்னும் நான்கு மணி நேரம் உலர்த்தியில் வையுங்கள். இந்த ஒரு வாரக் காவல் முக்கால்வாசி பூசணத்தைத் தடுத்துவிடும்.

பூசணம் கண்ணில் பட்டுவிட்டால் பட்டதை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. பூசணம் விட்டுச் செல்லும் நஞ்சு கொதியில் முழுதாகப் போவதில்லை. டப்பா மொத்தமும் குப்பைக்கு.

ஈரம் இல்லை, ஆனால் பழைய எண்ணெய் வாசம் என்றால் அது வேறு: விதையோடு அரைத்த பொடி. விதையில் எளிதில் கெடும் எண்ணெய் இருக்கிறது. உடைத்ததும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். விதையைச் சேர்த்து அரைப்பதாக இருந்தால் இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.

பிளந்தால் வெள்ளைப் புழு

ரோஸ்ஹிப் ஈயின் குஞ்சு. ருகோசாவில் அதிகம். தோலில் பழுப்புத் திட்டோ, மென்மையாகிப்போன ஒரு பக்கமோ இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சில்லை, ஆனால் அந்தக் காயின் சதை அதன் கழிவோடு கசக்கும். பிளந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இது பிரச்சினையே இல்லை. பத்தில் மூன்று காய் இப்படி என்றால் அந்தப் புதரை விட்டு வேறு புதருக்குப் போங்கள்.

எடுத்த விதைகளை வேலியோரத்திலோ கடற்கரையிலோ கொட்டாதீர்கள். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ருகோசா வட ஐரோப்பியக் கடற்கரைகளில் உள்ளூர்ச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக் குப்பைத் தொட்டியே அதற்கு இடம்.

சிரப் நுரைக்கிறது, மூடி தெறிக்கிறது

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கணக்கைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஆரஞ்சு வரத்து நின்றபோது, 1941 முதல் பிள்ளைகளையும் பெண்களையும் விட்டு வேலிகளில் ரோஸ்ஹிப் சேகரித்து, குழந்தைகளுக்கு வைட்டமின் சி சிரப் ஆக்கினார்கள். உணவு அமைச்சகம் 1943இல் வீட்டுக்குச் சொன்ன அளவு இன்றைய கணக்கில் இப்படி வரும்: 900 கிராம் காயை அரைத்த கையோடு 1.7 லிட்டர் கொதிநீரில் போட்டு, மறுபடி கொதி வந்ததும் இறக்கி 15 நிமிடம் ஊறல். வடித்து, சக்கையில் இன்னும் 850 மி.லி. கொதிநீர், 10 நிமிடம். இரண்டு வடிநீரையும் சேர்த்து 850 மி.லி. ஆகச் சுண்டவைத்து, 560 கிராம் சர்க்கரை சேர்த்து 5 நிமிடம் கொதி. அந்தக் குறிப்பிலும் முதலில் இறங்கும் அரைக் கோப்பையைத் திரும்ப ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள், சுணைக்காகத்தான்.

இந்த அளவில் சர்க்கரை எடையில் சுமார் 40 சதவீதம்தான். ஜாம் தானாகக் கெடாமல் நிற்க 65 சதவீதம் தேவை. ஆகவே இந்தச் சிரப்பைக் காப்பது சர்க்கரை இல்லை. சுத்தமான புட்டியும் சூடாக அடைத்த மூடியும்தான். திறந்த நிமிடத்திலிருந்து ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு வாரம், அவ்வளவுதான் ஆயுள். நுரைத்தது, கள் வாசம் வந்தது, மேலே படலம் கட்டியது எல்லாம் கொட்ட வேண்டியவை. தெறிக்கும் புட்டியை முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள்.

அடுத்த தடவை: 200 மி.லி.க்கு மேல் போகாத சிறு புட்டிகள். சோப்பு போட்டுக் கழுவி 120 டிகிரி அவனில் 15 நிமிடம் வைத்து, சூடான புட்டியில் சூடான சிரப்பை ஊற்றி, மூடி, கொதிநீர்ப் பாத்திரத்தில் 10 நிமிடம் முக்கி எடுங்கள். குளிர்ந்த புட்டியில் சூடாக ஊற்றினால் விரிசல் விடும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடலாம். ஒரு கோப்பை வெந்நீருக்கு இரண்டு கட்டி. நேர்மையாகச் சொன்னால் வீட்டுக்கு இதுவே சிறந்த முறை.

*சிரப் ஜெல்லியாகிவிட்டது.* ரோஸ்ஹிப்பில் பெக்டின், அதாவது ஜாமை இறுகவைக்கும் பொருள், அதிகம். சுண்டவைத்ததில் ஒரு கம்பிப் பதம் வரை போயிருப்பீர்கள். மைசூர்பாகுக்குப் பாகு காய்ச்சுகிற கண்ணால் இதைப் பார்க்கக் கூடாது. கரண்டியிலிருந்து எண்ணெய் போல ஒழுகும்போதே இறக்க வேண்டும், ஆறினால் மேலும் கெட்டிப்படும். இறுகியதில் கொதிநீர் இரண்டிரண்டு ஸ்பூனாக விட்டுச் சூடாக்கினால் இளகும். அல்லது அப்படியே ரொட்டியில் தடவிக்கொள்ளுங்கள்.

*அடியில் சர்க்கரை கட்டிவிட்டது.* சர்க்கரை கரையும் முன்பே கொதி வந்துவிட்டது. புட்டியை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

*தண்ணீராக இருக்கிறது.* சுண்டவைத்தது போதவில்லை. சர்க்கரை போட்ட பிறகு நீண்ட நேரம் கொதிக்கவிடாமல், அதற்கு முன்பே வடிநீரை அளந்து சுண்டவையுங்கள்.

தேன் ஊறல் நீர்த்து, குமிழி விடுகிறது

பச்சைக் காயைத் தேனில் போட்டால் காயின் நீர் தேனுக்குள் இறங்கும். தேன் கெடாமல் இருப்பதே அதில் நீர் குறைவு என்பதால். நீர் ஏறியதும் புளிக்கத் தொடங்கும். காய்ந்து முறியும் துண்டுகளை மட்டும் போடுங்கள்: 300 கிராம் தேனுக்கு 50 கிராம், தினமும் ஒரு தடவை புட்டியைக் கவிழ்த்து, மூன்று வாரம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும், எந்த ஊறல் தேனும் கொடுக்கக் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய கிருமி நஞ்சின் அபாயம்.

வினிகர் ஊறலில் மூடி துருப்பிடிக்கிறது, மேலே தோல் கட்டுகிறது

5 சதவீத அமிலமுள்ள ஆப்பிள் வினிகர், காய் முழுதும் மூழ்க வேண்டும், உலோக மூடிக்கும் புட்டிக்கும் நடுவே பேக்கிங் தாள் ஒரு துண்டு. துருப்பட்டிருந்தால் ஊறலைத் தூக்கிப் போடுங்கள். வழுவழுப்பான தோல் கட்டியது வினிகர்த் தாய் (வினிகரை ஆக்கும் நுண்ணுயிர்களின் படலம்), எடுத்துவிட்டு வடித்துக்கொள்ளலாம். ஆனால் பஞ்சு போல, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் அது பூசணம்.

எண்ணெய் ஊறல் கலங்கி, நாற்றம் வருகிறது

பச்சைக் காயையோ அரைகுறையாகக் காய்ந்ததையோ எண்ணெயில் போட்டிருப்பீர்கள். எண்ணெய்க்குள் காற்றில்லாத ஈரம், பாட்டுலிசக் கிருமிக்குத் தோதான இடம்; அதை நாக்கில் வைக்கவே வேண்டாம், கலங்கவில்லை என்றாலும் கொட்டுங்கள். நன்கு முறியும் ஓடுகளை மட்டும், 200 மி.லி. சூரியகாந்தி எண்ணெய்க்கு 40 கிராம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மூன்று மணி நேரம் மெல்லிய சூட்டில், பிறகு வடித்துச் சருமத்துக்கு. வெந்நீரில் வராத அந்த ஆரஞ்சு நிறம் இங்கே தானாக இறங்கும். கடையில் ரோஸ்ஹிப் எண்ணெய் என்று விற்பது இது இல்லை; அது விதையை ஆட்டி எடுத்தது, வீட்டில் வராது.

வயிற்றைக் கலக்குகிறது

சுணை இல்லாமல் வடித்தும் வயிறு இளகினால் அளவு அதிகம். ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். உடலில் இரும்பு சேரும் நோய் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தினசரிப் பழக்கமாக்க வேண்டும், ஏனெனில் வைட்டமின் சி உணவிலுள்ள இரும்பை அதிகம் உறிஞ்சவைக்கும், அதிக அளவில் உட்கொண்டால் ஆக்ஸலேட்டும் கூடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிரப்பைவிட வெறும் ஊறலே பொருத்தம்.